வைக்கோலில் பழுக்காத பழம்

ஆனி பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்ட்ரோபெரி காய்க்கத் தொடங்கிவிடும். லண்டனிலிருந்து தங்கச்சி, ரொரன்ரோவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன், சூரிச்சிலிருந்து மச்சாள். மூன்று நாட்டிலிருந்து வந்தாலும் படம் ஒன்றுதான்: முழங்கால் உயரம்கூட இல்லாத செடிகள் வரிசை வரிசையாக, நடுவில் பிள்ளைகள், கையில் கூடை, வாயைச் சுற்றிச் சிவப்பு. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பார். பிறகு வருசம் தவறாமல் அதே வசனம்: "காசும் குடுத்து, கூலி வேலையும் செய்து குடுத்திட்டு வருகினம்."

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்குத் தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. ஒன்பது வயது மருமகள் வந்த மூன்றாம் நாளே கேட்டாள்: "மாமா, இங்க ஃபாம் இல்லையா? நாங்களே போய்ப் பிடுங்கிற ஃபாம்?" இங்கே ஸ்ட்ரோபெரி இல்லை என்றேன். "அப்ப வேற என்ன பழம் பிடுங்கலாம்?" என்றாள். சுற்றிவரத் தோட்டமாக இருக்கிற யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு உடனே பதில் வரவில்லை. மாம்பழக் காலம் முடிந்திருந்தது. முடியாமல் இருந்திருந்தாலும், கறுத்தக் கொழும்பானை மரத்திலேயே பழுக்க விட்டு ஆய்ந்து சாப்பிட்டவர் யார்? அணிலும் வௌவாலும்தான். நாங்கள் முற்றின காயாக ஆய்ந்து, வைக்கோலுக்குள் அடுக்கி, மணம் வந்த பிறகு ஒவ்வொன்றாக எடுப்போம். வாழைக்குலையும் அப்படித்தான், மரத்தோடு நிற்கிற குலை எங்கள் கண்ணுக்குக் காய்.

எங்கள் பேச்சே இதைக் காட்டிவிடுகிறது. பூ ஆய்வோம், கத்தரிக்காய் ஆய்வோம், தேங்காய் பிடுங்குவோம், வெங்காயம் கிண்டுவோம், புகையிலை வெட்டுவோம், பனம்பழம் பொறுக்குவோம். பயிருக்கு ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஆனால் பெரிய ஆட்கள் கூடிப் போய்ச் செடியிலிருந்தே பழத்தை எடுத்து அங்கேயே நின்று சாப்பிடுவதற்கென்று ஒரு சொல்லும் இல்லை. அது சின்னப் பிள்ளைகளின் வேலை. நாவல்பழமும் ஈச்சம்பழமும் தேடிப் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் சட்டையை ஊதாவாக்கிக்கொண்டு வந்து அடி வாங்கியதோடு அந்தப் பருவம் முடிந்துவிடும்.

இதற்குக் காரணம் வெயிலும் குளிரும் மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். முதற்காரணம் பழம் பழுக்கிற விதத்தில் இருக்கிறது.

பழங்களை இரண்டு சாதியாகப் பிரிக்கலாம். மா, வாழை, பலா, பப்பாளி, கொய்யா ஒரு சாதி. இவற்றில் மா, வாழை போன்றவை முற்றும்போது இனிப்பைப் பெரும்பாலும் மாச்சத்தாகச் சேமித்து வைக்கின்றன. வெட்டி எடுத்த பிறகும் காயின் உள்ளே வேலை நடக்கும். மாச்சத்து சீனியாக மாறும், தோல் நிறம் மாறும், சதை இளகும். இதைத் தொடக்கி வைப்பது எத்திலீன் என்ற வாயு. பழுக்கிற பழமே அதை வெளிவிடும். பக்கத்தில் கிடக்கிற காய் அதைப் பிடித்துத் தானும் பழுக்கும். அரிசிப் பெட்டிக்குள் மாங்காயைப் புதைத்தால் சீக்கிரம் பழுப்பதற்கு அரிசி காரணமில்லை, அந்த வாயு வெளியே போகாமல் அடைபட்டுக் கிடப்பதுதான் காரணம். குழி வெட்டி வாழைக்குலையை இறக்கிப் புகை போட்டு மூடுவதும் இதே கணக்கு. அரைகுறையாக எரிகிற புகையில் எத்திலீன் உண்டு. பழம் தானே எத்திலீனை உண்டாக்குகிறது என்று இங்கிலாந்தில் ஆய்வுகூடத்தில் நிறுவியது 1934இல். எங்கள் அப்பப்பா அதற்கு முன்பே குழி வெட்டிப் புகை போட்டவர்.

ஸ்ட்ரோபெரி மற்றச் சாதி. அதற்குள் சேமிப்பு என்று சொல்லத்தக்க மாச்சத்து இல்லை. இனிப்பு முழுக்க இலையில் உண்டாகி, காம்பு வழியாக நாளுக்கு நாள் வந்து சேருகிறது. காம்பைக் கிள்ளிய நிமிடத்தோடு வரவு நின்றுவிடும். முக்கால்வாசி சிவந்ததைப் பிடுங்கி மேசையில் வைத்தால் மீதிக் கால்வாசியும் சிவக்கலாம், சதையும் இளகும், ஆனால் இனிப்பு ஏறாது. வைக்கோலிலும் அரிசிப் பெட்டியிலும் எத்தனை நாள் வைத்தாலும் அது அழுகுமே தவிரப் பழுக்காது. தேசிக்காய், தோடை, மாதுளை, அன்னாசி எல்லாம் இந்தச் சாதிதான். முந்திரிகையும், அதாவது திராட்சையும், இதே சாதி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைக்குப் போகிற ஸ்ட்ரோபெரியை முழுப் பழமாக விட்டு எடுக்க முடியாது. தோல் என்று சொல்ல ஒன்றுமில்லாத பழம். லொறியில் ஏறினால் நசிந்துவிடும். அதனால் கொஞ்சம் முந்தியே பிடுங்குவார்கள். முழுக்கப் பழுத்த ஸ்ட்ரோபெரியைச் சாப்பிட விரும்புகிறவருக்கு இருக்கிற ஒரே வழி, செடி நிற்கிற இடத்துக்குப் போவது. வெள்ளைக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவதற்கு அடிப்படைக் காரணம் இந்தக் காம்புதான். நாங்கள் போகாததற்குக் காரணம் எங்கள் வைக்கோல். (அங்கேயும் வைக்கோல் இருக்கிறது. பழம் மண்ணில் பட்டு அழுகாமல் இருக்கச் செடியின் கீழே பரப்பி விடுவார்கள்.)

அந்தப் பழத்தின் பூர்வீகத்தையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் நாங்கள் நினைக்கிற அளவுக்கு அது பழைய பழமில்லை. ஐரோப்பியக் காடுகளில் விரல் நுனியளவான காட்டு ஸ்ட்ரோபெரி எப்போதும் இருந்தது. இன்று கூடையில் காண்கிற பெரிய பழம் அதன் பிள்ளை இல்லை. 1714இல் ஃபிரேசியே என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர், தென்னமெரிக்காவில் ஸ்பானியரின் கோட்டைகளை வேவு பார்த்துவிட்டுத் திரும்பும்போது சிலியிலிருந்து பெரிய பழம் தருகிற சில செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். வந்தவை பெண் செடிகள். தனியே நட்டபோது காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து வந்த இன்னொரு சாதிச் செடிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் மகரந்தம் பட்டுக் காய்த்தது. அந்தக் கலப்பிலிருந்து பிறந்ததே இன்றைய ஸ்ட்ரோபெரி. இரண்டு செடிகளின் பிள்ளை இது என்று 1766இல் டுஷேன் என்ற தாவரவியலாளர் கண்டு எழுதினார். அமெரிக்கக் கண்டத்தின் இரண்டு முனைகளிலிருந்து வந்த செடிகள் பிரான்சில் கலியாணம் செய்த கதை. இன்னொன்று: நாங்கள் பழம் என்று கடிக்கிற சிவப்புச் சதை தாவரவியல்படி பழமே இல்லை, பூவின் அடிப்பகுதி ஊதிப் பெருத்தது. மேலே எள்ளுப்போல ஒட்டியிருக்கிற ஒவ்வொன்றும்தான் தனித்தனிப் பழம். மரமுந்திரிகைப் பழத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதினமாக இராது. அங்கேயும் நாங்கள் பழம் என்று கடிப்பது ஊதின காம்பைத்தான்.

சரி, யாழ்ப்பாணத்தில் ஏன் வராது? நான் ஒருமுறை முயன்று பார்த்தவன். நுவரெலியாவுக்குப் போன எந்த யாழ்ப்பாணத்தவனும் செய்கிற பிழை அது. ஹக்கல பூங்கா, சீதா எலிய கோயில், கிரெகரி வாவி என்று சுற்றி முடித்து, வழியில் ஸ்ட்ரோபெரித் தோட்டம் என்று பலகை போட்ட இடத்தில் இறங்கி, வலைக்கூடாரத்துக்கு வெளியே நின்று செடிகளைப் பார்த்து, உள்ளே போய் ஆய விடமாட்டார்களாம் என்று தெரிந்து, பாலில் அடித்துத் தந்த ஸ்ட்ரோபெரியைக் குடித்துவிட்டு, திரும்பும்போது பூச்சாடியில் இரண்டு காயோடு நின்ற ஒரு கன்றை வாங்கினேன். வான் வண்டியில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன். அந்த இரண்டு காயும் யாழ்ப்பாணம் வந்து சிவந்தன. அதோடு சரி.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவு. யாழ்ப்பாணத்தில் அது 28ஐ ஒட்டி நிற்கிறது. ஸ்ட்ரோபெரி பூப்பதற்குப் பகல் நீளமோ குளிரோ சைகை காட்டவேண்டும். வழமையான வகைகளுக்குப் பகல் 14 மணித்தியாலத்துக்குக் குறைந்தால் அல்லது குளிர் வந்தால் மொட்டுக் கட்டும். பகலைப் பொறுத்தவரை எங்களிடம் குறையில்லை. வருசம் முழுக்கப் பதினொன்றரை மணித்தியாலத்துக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் நடுவில்தான் எங்கள் பகல். சூடுதான் கெடுக்கிறது. 25 பாகையைத் தாண்டத் தாண்ட மொட்டுக் குறையும். 30ஐத் தாண்டினால் பகல் நீளத்தைப் பாராத வகைகள்கூடப் பூப்பதை நிறுத்திவிடும். பூக்க வழியில்லாத செடி தன் பலத்தை ஓடுதண்டுகளில் போடும். என் சாடியில் நடந்தது அதுதான். சித்திரை மாதத்தில் சாடியின் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் தண்டு ஓடியது. வல்லாரைபோல அழகாகப் படர்ந்தது. பூவைத்தான் காணோம்.

இன்னொரு காரணம் கிணற்றில் இருந்தது. எங்கள் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணக்கல். அதில் ஊறி வருகிற தண்ணீரைக் கேத்திலில் காய்ச்சினால் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும், எல்லா வீட்டிலும் பார்த்ததுதான். ஸ்ட்ரோபெரிக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. என் செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நின்றன, வரைந்து விட்டதுபோல. பழைய இலைகளின் விளிம்பு கருகியது. அது தண்ணீரின் உப்பு. ஸ்ட்ரோபெரி உப்புக்கு மிகவும் பயந்த செடி. தை மாதத்துக் குளிரில், குளிர் என்று நாங்கள் சொல்கிற அந்த 22 பாகையில், ஒரே ஒரு வெள்ளைப் பூ வந்தது. சுண்டைக்காயளவில் ஒரு காயும் பிடித்தது. காகம் கொண்டுபோனது.

ஆக மருமகளிடம் ஸ்ட்ரோபெரி இல்லை என்று நான் சொன்னது சரிதான். ஆனால் 'செடியிலேயே பழுத்தாகவேண்டிய பழம்' என்று கேள்வியை மாற்றினால் பதில் எங்கள் வீதிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பக்கம் போகிறவர்கள் வீதியோரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கருநீலக் குலைகளைக் காணாமல் போகமுடியாது. முந்திரிகை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. நீங்கள் முந்திரிப்பருப்பு என்பது எங்களுக்குக் கஜு, அதன் மரம் மரமுந்திரிகை. கொடிமுந்திரிகை, மரமுந்திரிகை என்று பழைய தமிழில் இருந்த பிரிவினையை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே அதிகமாக நிற்பது இஸ்ரேல் புளூ என்ற வகை. விதை உண்டு, தோல் கொஞ்சம் தடிப்பு. ஸ்ட்ரோபெரியை வாட்டிய அதே சுண்ணாம்பு முந்திரிகைக்குப் பெரிய தடையில்லை. உலகத்தில் பேர்போன முந்திரிகை நிலங்களில் பல சுண்ணாம்புப் பாறை மேலேயே இருக்கின்றன. மாசியிலிருந்து புரட்டாதி வரை நீளுகிற எங்கள் வறட்சியும் அதற்குப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான் பகை.

குளிர்நாட்டில் முந்திரிகை மாரியில் இலை உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும்போது பூவோடு வரும். எங்களிடம் மாரியில் உறைபனி இல்லை. கொடி பச்சையாகவே படர்ந்துகொண்டிருக்கும், காய்க்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆகவே தோட்டக்காரர் கத்தரிக்கோலால் ஒரு பொய் மாரியை உண்டாக்குகிறார். இறைப்பைக் குறைத்து, இலையை உருவி, கொப்புகளை ஐந்தாறு கணு விட்டு வெட்டிவிடுவார். கவ்வாத்து என்பது இதைத்தான். வெட்டின அன்று பந்தலைப் பார்த்தால் செத்த கொடி என்று நினைக்கத் தோன்றும். பிறகு இறைத்து உரம் போட, புதுத் துளிரோடு சேர்ந்து இலைக்கு எதிர்ப்பக்கத்தில் குட்டிக் குலை வரும். அதிலிருந்து பழம் வெட்ட நாலு மாதமளவு செல்லும். சித்திரைக் கடைசியில் வெட்டிவிட்ட பந்தல் ஆவணியில் பழமாகும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குகிற நேரம். இங்கிலாந்தில் ஸ்ட்ரோபெரிக் காலம் அப்போது அநேகமாக முடிந்திருக்கும்.

காலம் பொருந்துகிறது, பழம் பொருந்துகிறது. பிறகு ஏன் ஒரு தோட்டத்திலும் 'வந்து ஆய்ந்து கொண்டுபோங்கள்' என்று பலகை இல்லை? இதற்கு விடை அம்மாவின் வசனத்தில் இருக்கிறது.

ஸ்ட்ரோபெரிச் செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வரிசை வரிசையாகக் குனிந்து, பழுத்ததை மட்டும் தெரிந்து, நசியாமல் கிள்ளவேண்டும். இயந்திரத்தால் செய்வது கடினம். அதனால் செலவில் பெரும் பங்கு கூலி. இன்றும் பிரித்தானியாவில் பழம் பிடுங்கவென்று வெளிநாட்டிலிருந்து ஆட்களைத் தற்காலிக விசாவில் அழைக்கிறார்கள்; அந்தத் திட்டம் 2019இல் தொடங்கியது, கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் போன்ற இடங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கூலி இவ்வளவு விலைபோகிற இடத்தில் வாடிக்கையாளரே கூடையோடு வந்து குனிந்தால், பண்ணைக்காரருக்குக் கூலி மிச்சம், பெட்டி மிச்சம், லொறிச் செலவு மிச்சம், 'வடிவு காணாது' என்று பெருங்கடைகள் பழத்தைத் திருப்பி அனுப்புகிற தொல்லையும் மிச்சம். பிள்ளைகள் வயிற்றுக்குள் போடுகிறதையும் மிதிபடுகிற செடியையும் கழித்தாலும் இலாபம் நிற்கும். இப்போது பல இடங்களில் உள்ளே விடுவதற்கே காசு வாங்குகிறார்கள். அம்மா பகிடியாகச் சொன்னது பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் வரவேண்டிய வசனம்.

எங்கள் தோட்டத்தில் இந்தக் கணக்கு ஓடாது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு சில பரப்பில் பந்தல் வைத்திருப்பவருக்கு வெட்டுகிற வேலை வீட்டு ஆட்களாலேயே முடிந்துவிடும். மிச்சம் பிடிக்கக் கூலி இல்லை. அவருக்குச் செலவெல்லாம் அதற்கு முந்தியே போய்விட்டது: தூண், கம்பி, இறைப்புக்கு மண்ணெண்ணெய் அல்லது மின்சாரம், மருந்து, உரம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தபோதும், அடுத்த வருசம் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் பந்தல்காரர்கள் பட்டது கொஞ்சமில்லை. வெங்காயம் என்றால் ஒரு போகத்தை விட்டுவிடலாம், கொடியை விடமுடியாது.

நாங்கள் போன பந்தல் கோப்பாய்ப் பக்கம், தெரிந்த ஒருவர் மூலம். அறுபதைத் தாண்டிய அண்ணை. தகப்பன் காலத்துப் பந்தல் போர்க்காலத்து 1995 இடப்பெயர்வோடு போய்விட்டதாம். திரும்பி வந்தபோது கம்பியும் இல்லை, தூணும் இல்லை, கொடி மட்டும் வேலியில் ஏறிக் காடாகக் கிடந்ததாம். இது பிறகு வைத்தது. படலையில் நின்று நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"பிள்ளையை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு வாரும் தம்பி. ஆனா ஒண்டு ஒண்டா ஆய விடாதையும். ஒரு குலையிலை பத்துப் பழத்தை ஆய்ஞ்சா மிச்சக் குலை ஆருக்கு?"

ஸ்ட்ரோபெரிக்கும் முந்திரிகைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அங்கே ஒரு பழம் ஒரு பழம். இங்கே குலைதான் அலகு. நடுவில் பழம் ஆய்ந்த குலையில் காம்படி கிழிந்து சாறு வடியும். இலையான் மொய்க்கும், பக்கத்துப் பழம் புளிக்கும், இரண்டு நாளில் குலை முழுக்கப் போய்விடும். ஒரு பிள்ளை பத்துக் குலையில் பத்துப் பத்துப் பழம் ஆய்ந்தால் நூறு பழம் போகவில்லை, பத்துக் குலை போகிறது.

பந்தலுக்குள் குனிந்துதான் போகவேண்டும். வெளியே சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கிறது, உள்ளே காற்று நின்று போய், பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே குலைகள். வௌவாலுக்காகப் பழைய மீன்வலையை மேலே விரித்துக் கட்டியிருந்தார். மருமகள் எட்டி ஒரு குலையைத் தடவினாள். விரல் பட்ட இடத்தில் சாம்பல் போய்ப் பளபளவென்று கறுப்பு வந்தது. "மாமா, இது மருந்தா?" என்று கையைப் பின்னுக்கு இழுத்தாள். பெரியவர்களும் கேட்கிற கேள்வி. அந்த வெண்சாம்பல் மருந்தில்லை. பழம் தானே தோலின் மேல் போட்டுக்கொள்கிற மெழுகு. தண்ணீர் உள்ளேயிருந்து போகாமலும் வெளியேயிருந்து நோய் இறங்காமலும் காக்கிறது. கைபட்டால் அழியும், திரும்ப வராது. சாம்பல் அழிந்த குலையைக் கண்டால் வியாபாரி 'கைபட்ட பழம்' என்று விலையைக் குறைப்பார். உள்ளே ஆள் விடாததற்கு அண்ணை சொன்ன இரண்டாவது காரணம் இது. குலையைப் பிடிக்கிறதென்றால் காம்பில் மட்டும் பிடிக்கவேண்டும்.

மூன்றாவது காரணம் உண்மையான மருந்து. முந்திரிகை இலையில் சாம்பல் நோயும், மழை ஈரத்தில் அடிச்சாம்பல் நோயும் வரும். மருந்து அடிக்காமல் பந்தலைக் காப்பது கடினம். எந்த மருந்தானாலும் அடித்ததற்கும் வெட்டுவதற்கும் நடுவில் இத்தனை நாள் விடவேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கும். தோட்டக்காரருக்குத்தான் எந்த வரிசைக்கு எப்போது அடித்தது என்று தெரியும். கூடையோடு வருகிறவருக்குத் தெரியாது. இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். 1882இல் பிரான்சின் போர்தோ பக்கத்தில், வீதியோரத்துக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பிடுங்கித் தின்னாமல் இருக்க, தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து நீலமாகப் பூசிவிட்டிருந்தார்கள். நஞ்சுபோலத் தெரியவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மியார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியால் போனபோது, தோட்டத்துக்குள்ளே இலைகள் அடிச்சாம்பல் நோயால் உதிர்ந்திருக்க, நீலம் பூசிய வீதியோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். எங்கள் தோட்டக்காரர்கள் இன்றும் அடிக்கிற போர்டோக் கலவை இதுதான். 'வந்து நீங்களே பிடுங்குங்கள்' என்பதற்கு நேர் எதிரான யோசனையிலிருந்து பிறந்த மருந்து.

ஆனால் இவ்வளவு தடையையும் தாண்டிப் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்து முந்திரிகை புளிக்கும் என்று ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. அது கொடியின் குற்றமில்லை. இந்த வகைக்கு நிறம் முதலில் வரும், இனிப்பு பிறகுதான் ஏறும். முழுக்க நீலமாகத் தெரிகிற குலைக்கு இன்னும் ஒரு கிழமையோ பத்து நாளோ தேவைப்படலாம். அந்த நாட்களில் வௌவால் வரும், கள்ளன் வருவான், திடீரென்று ஒரு மழை வரும், கடன்காரரும் வருவார். பந்தலோடு விலை பேசிய வியாபாரி வெளியூர் லொறிக்கு அவசரப்படுவார். நீலம் கண்டதும் வெட்டிவிடுவார்கள். வாங்கிப் போகிறவர், மாங்காயில் பழகின கையோடு, 'இரண்டு நாள் இருக்கட்டும், இனிக்கும்' என்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பார். அது இனிக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் எடுத்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்துவிட்டு, அடுத்தமுறை வெளிநாட்டு விதையில்லாப் பழத்தை வாங்குவார். புளித்த பழத்துக்கு எங்கள் ஆட்கள் கண்ட நல்ல வழி சாறு பிழிவது. வசாவிளான் பக்கத்துத் தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லி ரசமும் முந்திரிகை ரசமும் யாழ்ப்பாணத்தில் ஊரறிந்த போத்தல்கள். சீனி சேர்த்தால் புளிப்பு அங்கே குணமாகிவிடும்.

பழுத்ததை எப்படி அறிவது என்று அண்ணையிடம் கேட்டேன். இனிப்பை அளக்கிற கருவி எதையும் அவர் எடுக்கவில்லை. குலையின் அடி நுனியில் இருந்த ஒரு பழத்தைக் கிள்ளி, நகத்தால் இரண்டாகப் பிளந்து, விதையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பச்சை விதை. "இது இன்னும் காய்." நாலடி தள்ளி இன்னொரு குலையில் அதேபோல ஒன்று. இது மண்ணிறம், பல்லில் வைத்துக் கடித்தபோது வறுத்த பருப்புப்போல நொறுங்கியது. "இதை வெட்டலாம்." ஏன் நுனிப் பழம்? இனிப்பு குலையின் தோளிலிருந்து கீழே இறங்கி வருமாம். கடைசிப் பழம் பழுத்தால் குலையே பழம். இரண்டு குலையும் வெளியே பார்க்க ஒரே நீலம். ஒரே பந்தல், ஒரே நாள் கவ்வாத்து. வீதியோரத்தில் கயிற்றில் தொங்கும்போது இந்த இரண்டையும் யாராலும் பிரித்தறிய முடியாது. பந்தலுக்குள் நின்று விதையைப் பார்த்தவருக்குத்தான் முடியும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. யாரையாவது முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பலகை இல்லாவிட்டாலும் கேட்டால் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு முதல் போனால் பழம் குளிர்ச்சியாக இருக்கும், வெட்டின பிறகு சீக்கிரம் வாடாது. மருந்து அடித்து எத்தனை நாள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல தோட்டக்காரர் அந்தக் கேள்வியால் கோபிக்கமாட்டார். கத்தரிக்கோல் அவரிடம் இருக்கும். பிளாஸ்ரிக் பையில் அடைக்காமல் பனையோலைப் பெட்டியில் குலையைக் கிடத்திக் கொண்டுவாருங்கள். சாப்பிடுகிற நேரம் வரை கழுவவேண்டாம், சாம்பல் இருக்கட்டும்.

மருமகளுக்கு அண்ணை கத்தரிக்கோலைக் கொடுத்து, தானே குலைக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். அவள் நுனிப் பழத்தை ஒவ்வொரு குலையிலும் பிளந்து பார்த்துத்தான் வெட்டுவேன் என்றாள். அவரும் விட்டார், ஏழு குலை மட்டும். வெட்டி முடிய அவளுடைய உள்ளங்கையில் மண்ணிற விதை ஒரு பிடி சேர்ந்திருந்தது. தராசில் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. வீதியோர விலையைத்தான் வாங்கினார், ஒரு சதம் குறைக்கவில்லை. பிள்ளைக்கென்று ஒரு சின்னக் குலையைத் தனியாகக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓலைப்பெட்டியைத் திறந்து ஒரு பழத்தை வாயில் போட்டார். "இது இனிக்குது" என்றார், கொஞ்சம் சந்தேகத்தோடு. இன்னொன்றும் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எவ்வளவு குடுத்தனீ?"

சொன்னேன்.

"ஏன், பிள்ளை வெட்டின கூலியைக் கழிக்கேல்லையோ?"